பதினாலாம் இலக்கக்காரனின் தலை

ஆஹென்
12.05.2025

அன்புத் தம்பி பென்ஜமின்,

நீ என்னுடைய இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அடைத்து வைத்து இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உயிர்த்த ஞாயிறும் அதுவுமாகச் சண்டை பிடித்தோம். "இனிக் கதைக்கிறதெண்டால் கடிதம் எழுது. உன்ரை சத்தத்தை என்னாலை கேக்க ஏலாது" என்று சொல்லிப் போட்டுப் போனை வைத்தாய். இரண்டு நாளில் கோபம் ஆறிவிடும் என்று இருந்தேன். ஆறவில்லை. சரி, மகாராசா கேட்டபடி கடிதம். தபாற்கந்தோரில் அமெரிக்காவுக்கு முத்திரை கேட்டபோது அந்தப் பெண் பார்சலா என்று இரண்டு தரம் கேட்டாள். கையால் எழுதிய கடிதம் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

நான் எப்படி மட்ச் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அங்கே சனி இரவு ஏழரைக்கு நீ மைதானத்தில் இறங்கும்போது இங்கே விடியப்புறம் ஒன்றரை. விழித்திருக்க எனக்கென்ன விசரா? ஞாயிறு காலை எழும்பி, பூசைக்கு வெளிக்கிட முன்னம், பதிவைப் போட்டுத் தொண்ணூறு நிமிடமும் பார்ப்பேன். உன் அத்தான் சயந்தன் தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்து, "அமெரிக்காவின்ரை மூண்டாம் பிரிவுப் பந்தை ஆஹெனிலை இருந்து பாக்கிற ஒரே ஆள் நீதான்" என்பார். மில்ஹேவன் ரசிகர்களின் இணையப் பக்கத்திலும் சேர்ந்திருக்கிறேன். கோலுக்குப் பின்னால் நின்று மேளம் அடிக்கிற ஆட்கள்தான் அதை நடத்துகிறார்கள். 'ஜெர்மனிக் கொறற்றி' என்று எனக்கு அங்கே பெயர். பதினாலாம் இலக்கக்காரன் என் தம்பி என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் பன்னிரண்டாம் திகதி உங்கள் கோல் காப்பாளரின் முழங்கை உன் காதுக்கு மேலே பட்டது. விழுந்தாய், எழும்பினாய், கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து ஆடினாய். அதைத்தான் உயிர்த்த ஞாயிறன்று கேட்டேன். அதற்குத்தான் நீ கத்தினாய். அதற்குப் பிறகு மூன்று மட்ச் பார்த்துவிட்டேன். நீ பின்களத்தில் நடுவில் நிற்பவன்; உயரே வருகிற பந்தைத் தலையால் அடிப்பதுதான் உன் தொழில். போன சனி முப்பத்தோராம் நிமிடம் கோர்னர் வந்தது. நீ பாய்வதுபோலப் பாவனை செய்தாய். கால் நிலத்தை விட்டு எழும்பவில்லை. கோச்சுக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்று வயதிலிருந்து நீ பந்துக்குப் பாய்வதைப் பார்த்தவள் நான்.

நாலு வருடத்துக்கு முன் இங்கே ஐந்தாம் பிரிவில் ஆடும்போது தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு இரவு முழுக்க "மட்ச் முடிஞ்சுதோ" என்று ஒரே கேள்வியை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு அது மறக்கவில்லை.

தலையிடி இருக்கிறதா இல்லையா? அதை மட்டும் எழுது.

அக்கா
கொறற்றி


மில்ஹேவன்
24.05.2025

அக்கா,

தலையிடி இருக்கிறது. அதன் பெயர் கொறற்றி.

கடிதம் நல்லதுதான். என்னோடு வீட்டில் இருக்கும் கோல் காப்பாளன், நீ சொன்ன அதே முழங்கைக்காரன், என் போனில் வருகிற எல்லாவற்றையும் தோளுக்கு மேலால் எட்டி வாசிப்பான். தமிழில் எழுதினால் அவனுக்கு ஒரு கோதாரியும் விளங்காது. அம்மா சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதில் இப்போதாவது ஒரு பிரயோசனம்.

நீ என்னைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறாய். கோர்னருக்குப் பாயாததற்குக் காரணம், கோச் என்னை ஆளைப் பிடித்து நிற்கச் சொன்னார். அவ்வளவுதான். இங்கே எப்படி வாழ்கிறோம் என்று உனக்குத் தெரிந்தால் இப்படி எழுதமாட்டாய். மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துடையது. அமெரிக்கன் ஃபுட்போலுக்குப் போட்ட கோடுகள் புல்லில் அழியாமல் கிடக்கும். எது எங்கள் கோடு என்று புதிதாக வருகிறவன் தடுமாறுவான். வெளியூர் மட்ச் என்றால் பதினொரு மணித்தியாலம் பஸ். பகலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் வருகிறார்கள், அக்கா. ஆஹெனில் எனக்கு எண்பது பேர் வந்தார்கள், அதில் பாதி நாய் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்.

ஒக்டோபரில் கழகம் முடிவெடுக்கும்: என்னை இன்னும் இரண்டு வருடம் வைத்திருப்பதா, அனுப்புவதா என்று. என் விசா அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்குகிறது. அதுவரை நான் ஒரு மட்சும் வெளியே இருக்க ஏலாது. உன் டொக்டரின் பிராக்சிஸ் கிளினிக்கில் வருத்தக்காரருக்குச் சுகயீனத் துண்டு அடித்துக் கொடுக்கிறாய், அவர்கள் ஆறு கிழமை முழுச் சம்பளத்தோடு படுக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. நான் ஒரு கிழமை படுத்தால் என் இடத்தில் ஒருவன் ஆடுவான். அவன் நன்றாக ஆடினால் நான் முடிந்தேன்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். அப்பாவிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்கவும் மாட்டார்.

பென்ஜமின்


ஆஹென்
09.06.2025

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பகிடி நன்றாக இருந்தது, அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இதுவரை நான் குறித்து வைத்ததை எழுதுகிறேன். மே பதினேழு, பன்னிரண்டாம் நிமிடம்: பந்தை உள்ளே எறியப் போய் எதிர் அணிக்காரனுக்கு எறிந்தாய். மே இருபத்துநாலு, இடைவேளைக்குச் சற்று முன்: கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய், பத்து விநாடிக்கு மேல். மே முப்பத்தொன்று, அறுபத்தேழாம் நிமிடம்: பாதி முடிந்து பக்கம் மாறியது மறந்து உங்கள் கோலை நோக்கியே ஓடத் தொடங்கினாய், யாரோ கத்தி உன்னைத் திருப்பினார்கள். ரசிகர் பக்கத்தில் அதைப் போட்டுச் சிரித்தார்கள். நானும் சிரிப்புப் படம் ஒன்று போட்டேன், பிறகு கழிவறைக்குள் போய் இருந்து அழுதேன்.

இன்னொன்று. என்னோடு கோபத்தில்தான் வாட்ஸ்அப்பை அடைத்தாய் என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். போன கிழமை அம்மா சொன்னா, அம்மாவுக்கும் நீ இப்போது வீடியோவில் வருவதில்லையாம், குறுஞ்செய்திக்குப் பதில் இல்லையாம். நீ கோபப்பட்டு அடைக்கவில்லை, பென்ஜி. திரையைப் பார்க்க உன் கண்ணுக்கு ஏலாது. வெளிச்சம் குத்துகிறது. அதுதான் தாளில் எழுதச் சொன்னாய். இது உண்மை இல்லை என்றால் என்னைச் செருப்பால் அடி.

நான் டொக்டர் இல்லை. பதினொரு வருடமாக டொக்டரின் வாசலில் இருக்கிறேன். யார் உள்ளே போகும்போது எப்படி இருந்தார்கள், யார் அவசரம் இல்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கழகத்துக்கு ஒரு டொக்டர் இருக்கிறார். அவருடைய மின்னஞ்சல் முகவரி கழகத்தின் பக்கத்திலேயே கிடக்கிறது. ஜூன் முடிய முன்னம் நீயே போய் அவரிடம் சொல்லு. சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். வெருட்டவில்லை, திகதி சொல்கிறேன்.

ஒப்பந்தத்துக்குப் பயப்படாதே. எந்த நாட்டிலும் ஒரு சட்டம் இருக்கும். வருத்தம் வந்தவனைத் தூக்கி எறிய மாட்டார்கள்.

அக்கா


மில்ஹேவன்
20.06.2025

அக்கா,

என்னைக் காட்டிக் கொடுக்காதே. பகிடி இல்லாமல் கேட்கிறேன்.

சரி, ஒரு உண்மை. போன வெளியூர்ப் பயணத்தில் பஸ் கழிவறையில் சத்தி எடுத்தேன். கோல் காப்பாளன் கோழி இறைச்சி சரியில்லை என்றான், நானும் ஓம் என்றேன். வெளிச்சமும் கொஞ்சம் குத்துகிறதுதான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். அது கிழமைக்குக் கிழமை குறைகிறது. குறையாவிட்டால் நானே சொல்லமாட்டேனா?

உனக்கு ஒன்று தெரியாது. இங்கே சட்டையின் முதுகில் குடும்பப் பெயர் போடுவார்கள். என் பாஸ்போட்டில் குடும்பப் பெயர் அப்பாவுடைய பெயர். ஆகவே மேளக்காரர் கத்துவது என் பெயரை இல்லை, "அம்புறோஸ்! அம்புறோஸ்!" என்று அப்பாவைக் கத்துகிறார்கள். நான் மின்சாரத் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததற்காக ஒன்றரை வருடமாக என்னோடு கதைக்காத மனுசனின் பெயரை, அவர் கேள்விப்பட்டே இராத ஊரில், ஒவ்வொரு கிழமையும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் கூப்பிடுகிறார்கள். ஒரு கடையில் வேலை செய்கிற பொம்பிளை தன் மகளுக்கு அந்தச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறா. இதை விட்டுவிட்டு நான் ஆஹெனுக்கு வந்து என்ன செய்ய? திரும்பவும் சுப்பர்மார்க்கட்டில் தட்டு அடுக்கவா? எனக்கு இருபத்துநாலு வயது. இன்னொரு தரம் கேட்டுக் கூப்பிட ஒருவரும் இல்லை.

உனக்கு ஜெர்மனிதான் உலகம். விண்ணப்பம், முத்திரை, நாள் குறிக்கிற டெர்மின். எல்லாவற்றுக்கும் ஒரு மேசை இருக்கிறது, மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று நினைக்கிறாய். இங்கே மேசையே இல்லை.

எழுதாதே, அக்கா.

பென்ஜி


மில்ஹேவன்
30.06.2025

அன்பு அக்கா,

போன கடிதம் கோபத்தில் எழுதியது. அதை அனுப்பின பிறகு பத்து நாள் யோசித்தேன்.

நீ சொல்வது சரி. டொக்டரிடம் சொல்கிறேன். ஆனால் நானே சொல்ல வேண்டும், என் வாயால். வருகிற ஐந்தாம் திகதி சனிக்கிழமை இங்கே பெரிய மட்ச், விடுமுறைக் கிழமை, ரசிகர்கள் என் பெயர் எழுதிய பெரிய சீலைப் பதாகை ஒன்று செய்திருக்கிறார்கள். அந்த ஒரு மட்சை மட்டும் எனக்குத் தா. தலையால் அடிக்கமாட்டேன், ஒதுங்கி ஆடுவேன். ஏழாம் திகதி திங்கள் காலை நேரே டொக்டரிடம் போவேன். நானாகப் போய்ச் சொன்னால் காயக்காரர் பட்டியலில் போட்டுவிட்டு ஒப்பந்தத்தை வைத்திருப்பார்கள். வேறு வீரர்களுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அதுவரை ஒருவருக்கும் எழுதாதே. திங்கட்கிழமை டொக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுதுவேன். நீ என்னைச் சின்னனில் இருந்து காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாய், எனக்குத் தெரியும்.

அன்புடன்
தம்பி பென்ஜி


ஆஹென்
02.07.2025

தம்பி,

உன் இருபதாம் திகதிக் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. சத்தி எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு நீ எழுதினது ஒன்றும் என் கண்ணில் ஏறவில்லை. அப்பாவின் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்ற இடம் மட்டும் ஏறியது. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

ஜூன் முடிந்துவிட்டது. இன்று மதியம் உங்கள் கழக டொக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி அழுது குழறி எழுதவில்லை. ஒரு பக்கம், நல்ல ஆங்கிலம், அத்தான் பார்த்துத் திருத்தினார். மூன்று இணைப்பு வைத்தேன். ஒன்று, நான் குறித்த நிமிடங்கள், பதிவின் முகவரியோடு. இரண்டு, நீ எனக்கு எழுதியதிலிருந்து சத்தி, வெளிச்சம் பற்றிய இரண்டு வரி, மொழிபெயர்த்து. மூன்று, 2021இல் ஆஹென் ஆஸ்பத்திரி தந்த அறிக்கை. அது எங்கள் பிராக்சிசுக் கணினியில் இருந்தது, அதை அச்செடுத்து வைத்தேன். உனக்கு முன்னமும் ஒரு தரம் நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த டொக்டர் இதைச் சும்மா விடமாட்டார். உனக்கு என்னைத் தெரியும்தானே. இணைப்பு இல்லாமல் வருகிற விண்ணப்பத்தை நான் அன்றைக்கே திருப்பி அனுப்புகிறவள். அரைகுறையாக எழுதி, அவர் இன்னும் என்ன பத்திரம் வேணும் என்று கேட்டுப் பதில் எழுதி, அதற்குள் நீ இன்னும் இரண்டு மட்ச் ஆட நான் விடமாட்டேன்.

இனி என்ன, ஒரு மாதம் ஒன்றரை மாதம் படு. தலையை ஆற விடு. ஓகஸ்டில் திரும்ப ஆடலாம். ஒக்டோபருக்கு எவ்வளவோ நாள் கிடக்கிறது. என்னோடு ஒரு வருடம் கதைக்காமல் இரு, பரவாயில்லை.

இன்று மூன்று மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்கா


ஆஹென்
10.07.2025

பென்ஜி,

ஞாயிறு காலை பதிவைப் போட்டேன். பதினாலாம் இலக்கம் இல்லை. உனக்குப் பதிலாக வேறொருவர் நின்றார். ஆறுதல் எடுக்க விட்டுவிட்டார்கள் என்று சந்தோசப்பட்டேன். அம்மாவுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேசம் என்று அம்மா கேட்டா.

நேற்று உன் முப்பதாம் திகதிக் கடிதம் வந்தது.

வேலைக்கு வெளிக்கிடும்போது பெட்டியில் கிடந்தது; பஸ் நிறுத்தத்தில் நின்று வாசித்தேன். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்சும் போனது. ஏழாம் திகதி நீயே போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். நான் இரண்டாம் திகதி அனுப்பினேன். இன்னும் ஐந்து நாள் பொறுத்திருந்தால் போதும். ஐந்தே நாள். ஜூன் முடிய என்று நானே ஒரு திகதியைப் போட்டு, அந்தத் திகதியை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கழகத்திலிருந்து எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. ரசிகர் பக்கத்தில் 'சொந்தக் காரணங்களுக்காக' நீ அணியில் இல்லை என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். என்ன நடந்தது? டொக்டர் என்ன சொன்னார்? தயவுசெய்து எழுது. ஏச வேண்டுமானால் ஏசி எழுது.

அக்கா


மில்ஹேவன்
19.07.2025

கொறற்றி அக்காவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். ஒரு தரம்தான் சொல்வேன்.

மூன்றாம் திகதி வியாழன் காலை பயிற்சிக்கு முன் என்னை ஒஃபீசுக்குக் கூப்பிட்டார்கள். கோச், டொக்டர், கழகத்தின் சட்டத்தரணி ஒருவர். மேசையில் உன் தாள்கள், ஒழுங்காக, மூன்று இணைப்பும். டொக்டர் நல்ல மனுசன். உன் அக்கா நன்றாக எழுதியிருக்கிறா என்றார். அந்த முதல் இரண்டு தாளோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திராது. காயக்காரர் பட்டியலில் போட்டு, ஸ்கான் எடுத்து, பொறுத்திருந்து பார்த்திருப்பார்கள்.

சட்டத்தரணி மூன்றாவதை எடுத்தார். பிறகு தன் கோப்பில் இருந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சேரும்போது நான் நிரப்பிக் கையெழுத்து வைத்த படிவம். இதற்கு முன் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா? இல்லை என்று போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஆஹென் ஆஸ்பத்திரியின் முத்திரை, என் பிறந்த திகதி, மூன்று நாள். "இது உங்கள் கையெழுத்தா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பொய்த் தகவல் தந்ததற்கு ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. அந்த ஒரு ஸ்கானை மட்டும் எடுத்துத் தந்தார்கள்.

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மெல்லியதாக இரத்தம் கசிந்திருக்கிறதாம். பழையதும் புதியதும். மூளை டொக்டர் இனிப் பந்து விளையாட்டு இல்லை என்றார். இந்த வருடம் இல்லையா என்று கேட்டேன். இனி ஒரு வருடமும் இல்லை என்றார்.

அந்தப் படிவத்தைப் பற்றி நீ கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை. ஆனால் ஐந்து நாள், அக்கா. ஐந்து நாள் பொறுக்க உனக்கு ஏலாமல் போய்விட்டது. திங்கட்கிழமை நானே போய்ச் சொல்லியிருப்பேன், ஆஹென் தாள் ஒன்றும் இல்லாமல். விளையாட முடியாமல் போயிருந்தாலும், காயப்பட்ட வீரன் என்று மரியாதையாக நின்றிருப்பேன். இப்போது நான் பொய்க்காரன். அந்தப் பெயரின் சீலையை மடித்து எங்கேயோ வைத்துவிட்டார்கள்.

இனி எழுதாதே.

பென்ஜமின்


கேவலார்
10.08.2025

தம்பி,

எழுதாதே என்றாய். மூன்று கிழமை எழுதவில்லை. நேற்று கேவலார் மாதாவிடம் வந்தோம், தமிழ்ச் சனத்தின் யாத்திரை நாள். பிரான்ஸ், ஒல்லாந்து என்று எல்லா இடத்துச் சனமும் வந்திருந்தது. றோல்ஸ் சுட்டு விற்கிறவர்களும், பத்து வருடம் காணாதவர்களைக் கண்டு கட்டிப் பிடிக்கிறவர்களும், ஒரே சத்தம். எல்லாரும் "தம்பி அமெரிக்காவிலை எப்பிடி ஆடுறார்?" என்றுதான் என்னைக் கேட்டார்கள். சுகம் என்றேன். திரும்பிப் போக மனமில்லாமல் இரவு இங்கேயே தங்கிவிட்டோம். இதை விடுதி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் ஒவ்வொரு நாளும் வாசிக்கிறேன். இது மிகைப்படுத்தல் இல்லை. காலையில் ஒரு தரம், படுக்கமுன் ஒரு தரம். திங்கட்கிழமை நானே போயிருப்பேன் என்ற வரியில் வந்து நிற்கிறேன். நான் சரியானதைத்தான் செய்தேன் என்று அத்தான் சொல்கிறார். ஸ்கானைப் பார், அவனுடைய உயிர் மிஞ்சினது என்கிறார். நான் அவருக்குச் சொன்னேன்: உயிரை அவனே காப்பாற்ற இருந்தான், ஐந்து நாள் கழித்து. நான் இடையில் புகுந்து அவனுடைய மரியாதையை எடுத்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஒரு தாளும் குறையக்கூடாது என்ற என் புத்தி. மூன்றாவது தாள் இல்லாமல் அனுப்பியிருந்தால்கூடப் போதும்.

பிராக்சிசிலும் தெரிந்துவிட்டது. நோயாளியின் சம்மதம் இல்லாமல் அறிக்கையை வெளியே கொடுத்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். இன்னொரு தரம் என்றால் வேலை இல்லை. டொக்டரம்மா என்னை நேராகப் பார்க்காமல் அதை நீட்டினா. நான் கையெழுத்து வைத்தேன். உனக்கும் அப்படித்தான் ஒரு தாளை நீட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அப்பாவுக்குச் சொல்லவேண்டி வந்தது. அம்மா அழுதா. அப்பா எழும்பிப் போய் டிவியை நிறுத்தினார். பிறகு, "பென்ஜமினுக்கு இப்ப ஆர் சமைச்சுக் குடுக்கினம்?" என்று கேட்டார். உன் பெயரை அவர் வாயால் கேட்டு எவ்வளவு நாள். நீ வருவதானால் பிராங்க்பேர்ட்டுக்கு அவரே கார் ஓடி வருகிறாராம்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். மன்னிக்கிற விஷயமில்லை இது. ஐந்து நாளை என்னால் திருப்பித் தர ஏலாது. மாதாவிடமும் அதைத்தான் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்க வாய் வரவில்லை.

கொறற்றி


மில்ஹேவன்
24.08.2025

அக்கா,

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தான் வாசிக்கவும் எழுதவும் விட்டிருக்கிறார்கள். இதை நாலு நாளாக எழுதுகிறேன். செப்டெம்பர் பதினொன்று வியாழன் மதியம் பிராங்க்பேர்ட்டில் இறங்குகிறேன். அதற்கு முன்னம் இது உன் கைக்கு வர வேண்டும், ஏனென்றால் இதை நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. காரில் அப்பாவும் இருப்பார்.

ஜூலை முழுக்க உன்னோடு சரியான கோபம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மூன்றாவது தாளை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அது என் உரிமை, அக்கா. என்னைக் கேட்டிருக்க வேண்டும். அதில் நான் மாறவில்லை.

ஐந்தாம் திகதி மட்சுக்கு நான் போனேன். உடுப்பு மாற்றும் அறைக்குள் விடமாட்டார்கள், ஆகவே சீட்டு எடுத்துக்கொண்டு மேளக்காரரோடு கோலுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தோளில் தட்டினார்கள், ஒருவர் தொப்பி தந்தார். முதல் மேளம் அடித்தபோது தலைக்குள் ஆணி இறங்கியது. காதைப் பொத்திக்கொண்டு படிக்குக் கீழே போய்க் குந்தினேன். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நான் தொண்ணூறு நிமிடம் ஆடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு நடந்தேன். பதினைந்து நிமிடப் பாதை. இரண்டு தரம் பிழையான தெருவுக்குள் போனேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

உன் கேவலார்க் கடிதத்தைக் கோல் காப்பாளன்தான் தபாற்பெட்டியில் இருந்து கொண்டுவந்து தந்தான். நான் வாசிக்கும்போது முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் செத்துவிட்டார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். ஐந்து நாள், ஐந்து நாள் என்று எழுதியிருக்கிறாய். எண்ணிப் பார்த்தேன், இரண்டு கடிதத்திலும் சேர்த்து நாலு இடத்தில். அந்த ஐந்து நாளை உனக்கு நான்தான் தந்தேன். உனக்கு எங்கே நோகும் என்று தெரிந்து, பார்த்து எழுதினேன். நீ அதைக் காலையும் இரவும் வாசிக்கிறாய் என்று தெரிந்த பிறகும் உடனே பேனாவை எடுக்கவில்லை.

ஜூன் முப்பதாம் திகதி அந்தக் கடிதத்தை நான் இரண்டு தரம் எழுதினேன். முதலில் எழுதினதில் எழுத்துக் கோணலாக வந்தது, அதைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று கிழித்துப்போட்டு, நிதானமாக இருந்து திரும்ப எழுதினேன். 'அன்பு அக்கா' என்று தொடங்கினால் நம்புவாய் என்று தெரியும். காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறாய் என்ற வரி கடைசியாக யோசித்துப் போட்டது.

ஏழாம் திகதி நான் டொக்டரிடம் போயிருக்கமாட்டேன். போகிற எண்ணம் ஒரு நிமிடமும் இருக்கவில்லை. திங்கட்கிழமை வந்ததும், டொக்டர் பார்த்தார், ஒன்றுமில்லையாம், ஓய்வு எடுக்கச் சொன்னார் என்று உனக்கு எழுதுவதாக இருந்தேன். அந்த வசனமும் ஆயத்தமாக இருந்தது. அதோடு ஒக்டோபர் வரை உன்னை ஓட்டிவிடலாம் என்று கணக்கு. சனிக்கிழமை இறங்கியிருப்பேன். முதல் கோர்னருக்கே பாய்ந்திருப்பேன், ஏனென்றால் பாயவில்லை என்று நீ கவனிப்பாய்.

நீ பொறுத்திருந்தாலும் ஒன்றும் நடந்திராது, அக்கா. அந்த ஐந்து நாள் பொய்.

பென்ஜி